பாதரசத் தொட்டி

முகமூடியும் முழங்கை வரை ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு நான்கு பேர் கலங்கரை விளக்கத்தின் சுழல்படியில் ஏறியபோது விளக்குக்காரரின் மனைவிக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வெறுங்கையோடு போய்வருகிற இடம் அது.

கோபுரத்தின் பெருமையைக் கணவர் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. அடிச்சுவரின் கனத்தில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கருங்கற்களை ஒன்றின் பல் இன்னொன்றில் மாட்டும்படி செதுக்கிக் கோத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துப் புயலுக்கு ஒரு கல் அசைந்ததில்லை. உச்சியில் அறை அளவுக்குக் கண்ணாடி வில்லை. அத்தனை பாரமும் பாதரசத் தொட்டியில் மிதப்பதால் ஒற்றை விரலால் தள்ளினால் சுற்றும். கப்பல்காரர்களுக்கு அது வழிகாட்டி, அவருக்கோ சாமி. பாதரசத்தில் தூசி சேர்ந்தால் வில்லை தடங்கும் என்று அடிக்கடி அதை முகந்து வடிகட்டுவார். அதற்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும். மகளின் சின்னத் தலையணை உறைதான் கைக்கு அடக்கம். மனைவி அதை அலசிக் காயவைத்து மறுபடி தலையணைக்கே போடுவாள். நல்ல துணியை யார் தூக்கி எறிவார்கள்?

சமீபகாலமாக அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த மகளின் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி ஆகிவிட்டதில் அது இன்னும் ஏறியது. தினமும் ஸ்கேலால் உள்ளங்கையில் விழும். திமிர், கவனமில்லை என்று மனைவியும் இரண்டு போட்டிருக்கிறாள்.

கீழே நின்ற இன்ஜினியருக்கு டீ கொடுத்துவிட்டு, "எதுக்கு சார் இத்தனை வேஷம்?" என்றாள்.

"வெஷம்மா அது. அதோட ஆவி உள்ள போனா நரம்ப அரிச்சிடும். கை நடுங்கும், காரணமில்லாம கோவம் வரும். அதத் தூக்கிட்டு புது விளக்கு போடறதே அதுக்குத்தான்."

"பயந்தாங்கொள்ளிங்க," என்றார் கணவர். "இத்தன காலமா அதுலயே கைய விட்டு அளையறேன். எனக்கு என்ன ஆச்சு?" அவர் கையில் டம்ளர் ஆடி டீ சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சார்... அது துணியில ஒட்டுமா?"

"ஒட்டாம? தொவைச்சாலும் போகாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

குடியிருப்பு வரை அவள் ஓடினாள். கூடத்தில் மகள் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டு."

பெண் ஏன் என்று கேட்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டது.

"இன்னைக்கு நல்லாத்தாம்மா எழுதினேன். கோடு தானா கோணுது."

கைகள் நடுங்கின. பயத்தினால்தான், பயத்தினால் மட்டும்தான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"அடிக்க மாட்டேன்டா தங்கம். இனிமே யாரும் அடிக்க மாட்டாங்க. கண்ணத் தொற."

பெண் கண்ணைத் திறந்தது. நம்பிவிட்டது போலிருக்கிறது, அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. நீட்டிய விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.