குவான் அக்கா வீட்டு வெந்நீர்

நானும் என் கணவர் லுவான் ஜாவ்திங்கும் வட சீனாவின் ஹார்பினில் ஒரே வகுப்பில் வெப்பப் பொறியியல் படித்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். பதவி அவரைத் தேடி வந்தது. அனல்மின் நிலையத்துத் தலைமைப் பொறியாளர், துணை மேயர், ஐம்பது வயதில் எங்கள் ஊர் மேயர். மேடையில் எழுதித் தந்ததைத் தலை நிமிராமல் வாசிப்பார். குழாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவார்.

மேயரானதும் புகை கக்கிய சிறு கொதிகலன்களை இடித்துவிட்டு, மின் நிலையத்துச் சுடுநீரையே வீடுகளைச் சூடாக்கும் வெப்பக் குழாய்களுக்கு அனுப்பினார். முதல் குளிர்காலத்திலேயே ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த குடியிருப்பு சில்லிட்டுப்போனது.

அங்கே குடியிருந்த குவான் அக்கா சந்தையில் பன்றிக்கறி விற்பவர். என்னைக் கண்டதும் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினார்.

"வாம்மா, மேயர் பொண்டாட்டி! கறிய வைக்க எனக்கு ஃப்ரிட்ஜே வேணாம். கட்டில்ல வச்சாலே உறைஞ்சு போகுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினேன்.

"கணக்கு சரிதான். தண்ணி எங்கயோ போகுது," என்றார். "நாளைக்கு நீயும் வா. என் கணக்குல தப்பு கண்டுபிடிக்கிற ஒரே ஆளு நீதான்."

அதிகாரிகள் யாருமில்லாமல் இருவரும் அக்கா வீட்டுக்கு ஏறினோம். குளியலறையில் ஆவி பறந்தது. வெப்பக் குழாயில் திருட்டுத்தனமாக ஒரு பித்தளைக் குழாய் பற்றவைக்கப்பட்டிருந்தது. கீழே, அண்டா நிறையப் பன்றிக் குடல்.

"இது என்னக்கா?"

"பச்சத்தண்ணியில கழுவினா கை விறைச்சுப் போகுது தம்பி. நான் மட்டுமா? எல்லா வீட்டுலயும்தான் இருக்கு."

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஊரு சூட்டையெல்லாம் குடல் கழுவியே ஊத்திட்டீங்களே! துருப்பிடிக்காம இருக்க அந்தத் தண்ணியில மருந்து கலந்திருக்கோம்க்கா. வயித்துக்கு ஆகாது."

"ஐயையோ!" என்று அலறியது அக்கா அல்ல, நான். குளிர் தொடங்கியதிலிருந்து அந்தக் குடலைத்தானே வாங்கி வதக்கினேன்!

எல்லோருக்கும் அபராதம் போடச் சொன்னார், மேயருக்கும் மேலே இருந்த கட்சிச் செயலாளர். "வெந்நீர் வேணும், அதான் எடுக்குறாங்க," என்று இவர் ஒரே பிடியாக நின்றார். சந்தைக்குப் பக்கத்தில் நல்ல வெந்நீரோடு ஒரு கழுவும் கூடம் எழுந்தது. திருட்டுக் குழாய்களை அடைக்க வைக்கும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தார். அக்கா கதவைத் தட்டினால் யார் மறுப்பார்கள்? புத்தாண்டுக்குள் அந்தக் குடியிருப்பு வீடுகளில் பனியனோடு உட்கார முடிந்தது.

பின்னாளில் மாகாணத் துணை ஆளுநர் பதவிக்கு இவர் பெயர் அடிபட்டது. ஆனால் பெரிய சதுக்கமும் இசை நீரூற்றும் கட்டிய பக்கத்து ஊர் மேயருக்குத்தான் அது போனது.

"வருத்தமா?" என்று கேட்டேன்.

"அங்க போனா தினமும் மேடையில பேசணும்," என்றார். நிம்மதியாக இன்னொரு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டார்.