துணிக்குள் அம்புக்குறி

மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகிவிட்டு எழும்போது ஜிபெக் தலையை நன்றாக இடித்துக்கொண்டாள். "ஐயோ!" என்ற சத்தம் சமையலறைவரை போயிற்று. அங்கே துக்க வீட்டுக்கான போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, சல்லிக்கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு பாட்டம் அழுதார்கள்.

முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் மாமனார் ஷாமிர்பெக் நேற்றிலிருந்து படுத்திருக்கிறார். பிற்பகல் தொழுகை முடிந்ததும் தூக்கிவிடுவார்கள். அதற்குள் கூடாரத்து வாசலில் வைக்க ஒரு படம் வேண்டும். கணவன் உலன் கையில் அகப்பட்டது ஓட்டுநர் உரிமத்துப் படம் ஒன்றுதான். அதில் மாமனார் கையும் களவுமாகப் பிடிபட்ட குதிரைத் திருடன் மாதிரி இருந்தார்.

"அதை வச்சீங்கன்னா உங்க யாரு மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்!" போனில் கத்தினாள் நாத்தனார் பெகிமை. அவள் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். "எனக்கு டிக்கெட் நாளைக்குத்தான் கெடைச்சிருக்கு. அப்பாவைத் தூக்கறப்ப நான் இருக்கப் போறதில்ல. அவரு படத்தையாவது நான் எடுத்துக் குடுக்கறேன். கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நான் இங்கேருந்தே உள்ள வந்து தேடறேன்."

உள்ளே வருவது அவளுக்குப் புதிதல்ல. ஞாயிறுதோறும் கொரியாவிலிருந்தே அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அவர் கெடுத்ததையெல்லாம் சரிசெய்வாள். அவரோ மவுஸிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். அம்புக்குறியை மகள் அந்தப் பக்கம் இழுக்க, அவர் இந்தப் பக்கம் இழுப்பார். "கையை எடுங்கப்பா!" என்ற கூச்சல் தெருவுக்கே கேட்கும். கேட்காமலே நுழைகிற ஏற்பாட்டுக்கு மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "கதவைத் தட்டாம வர்ற பழக்கம் நம்ம வீட்ல இல்ல," என்றுவிட்டார். அதனால் ஒவ்வொரு தடவையும் திரையில் 'அனுமதிக்கவா?' என்று ஒரு பெட்டி வரும். இங்கே யாராவது அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சற்று நேரத்தில் அதுவே மறைந்துவிடும்.

"தட்டிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் தெறக்கலயே!" என்றாள் பெகிமை.

ஜிபெக் நிமிர்ந்து பார்த்தாள். திரையைக் காணோம். அது இருந்த இடத்தில் சிவப்பு வெல்வெட் துணி தொங்கியது. மாமனாரின் அக்கா சோனுன் காலையில் வந்ததுமே வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் மூடியிருந்தாள். சாவு வீடு, மூடத்தான் வேண்டும். ஆனால் அவள் டிவியையும் மூடி, கேக் அடுப்பின் கண்ணாடிக் கதவையும் மூடி, இதையும் மூடியிருந்தாள்.

"அத்தை, இது கண்ணாடி இல்ல. கம்ப்யூட்டர்."

"உன் மூஞ்சி அதுல தெரியுமா, தெரியாதா?"

"அணைச்சு வச்சா தெரியும்தான்..."

"அப்புறம் என்ன பேச்சு? உசிரோட இருந்தப்பவே என் தம்பி பகலெல்லாம் அதுக்குள்ளதான் கெடந்தான். போற நேரத்துலயும் அதுக்குள்ள மாட்டிக்கணுமா? அவனைத் தூக்கற வரைக்கும் துணியை எடுக்கக் கூடாது."

எடுக்கக் கூடாது என்றாளே தவிர, உள்ளே போகக் கூடாது என்று சொல்லவில்லை. அத்தை சமையலறைப் பக்கம் நகர்ந்ததும் ஜிபெக் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வெல்வெட்டுக்குள் தலையை நுழைத்தாள். பெட்டி வந்து நின்றது. ஆனால் மவுஸ் துணிக்கு வெளியே எங்கேயோ கிடந்தது. தடவித் தடவித் தேடினாள்.

அந்த நேரம் பார்த்துத் துக்கத்துக்கு வந்த மூன்று பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். மருமகள் மாமனாரின் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு, முகத்தை மூடி, உடம்பு குலுங்க நிற்பதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பாய்ந்துவந்து முதுகைக் கட்டிக்கொண்டார்கள்.

"பெத்த மகளுக்குக்கூட இப்படி வராதுடீ!" என்று அழுதாள் ஒருத்தி.

"யாருடி அவ?" என்றது போன். "நாளைக்கு வர்றேன்ல, அப்ப வச்சுக்கறேன்."

பெண்கள் ஆறுதலாக ஜிபெக்கை வெளியே இழுத்தார்கள். பெட்டி மறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் அழணும்," என்று சொல்லிவிட்டு ஜிபெக் மறுபடி உள்ளே போனாள். இம்முறை மவுஸையும் கூடவே எடுத்துக்கொண்டாள். பெட்டி வந்தது. அழுத்தினாள். அந்த நொடியில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

துணிக்குள் இருட்டு. திரையில் அம்புக்குறி மட்டும் தானாக நகர்ந்தது. தேடவே இல்லை, நேராகப் போய் ஒரு படத்தைத் திறந்தது. கல்பக் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்க, மாமனார் வாயெல்லாம் சிரிப்பாக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாராம். கொரியாவிலிருந்தே கம்ப்யூட்டர் கேமரா வழியாகப் பெகிமை பிடித்துவைத்திருந்த படம்.

உலனைக் கூப்பிட்டாள். அவனும் துணிக்குள் தலையை விட்டான். படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினான்.

வேலை முடிந்தது. அம்புக்குறி மட்டும் போகவில்லை. மாமனாரின் கையருகே போய் நின்றது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி அசைந்தது.

"இன்னும் என்னடி உள்ள?" என்று சோனுன் அத்தை துணியைத் தூக்கினாள். படத்தைப் பார்த்தாள். அசைகிற அம்பையும் பார்த்தாள். "யாரு நகத்தறது?"

ஜிபெக் வெறுங்கைகளைக் காட்டினாள். "பெகிமை, அத்தை."

வெளியே தொழுகைக்கு அழைத்தார்கள். கூடாரத்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்த ஆண்களின் ஓலம் அடங்கி, காலடிச் சத்தம் கேட்டது. அத்தை துணியைப் பழையபடி திரைமேல் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அம்பு நின்ற இடத்தில் மட்டும் துணியின் முனையை மேலே மடித்துவிட்டாள்.