நீலம் பாய்ந்த இருபத்திரண்டு படங்கள்

வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டியும் அது மாறவில்லை. பெரியவள் பேர்பெற்ற புகைப்படக்காரி. சின்னவள் அச்சுப் போடுகிறவள். கண்காட்சிக்கான கறுப்பு வெள்ளைப் படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அக்காவைத் தவிர எல்லோரும் சொல்வார்கள்.

கறுப்பு வெள்ளைதானே, அதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மிஷினில் கறுப்பு மையோடு கலர் மையும் துளித்துளியாகக் கலந்துதான் விழும். ஒரு துளி கூடினால் முகத்தில் பச்சை பாயும், குறைந்தால் ரோஸ் அடிக்கும். எந்தப் பேப்பருக்கு எந்த மை எவ்வளவு என்று மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிற குறிப்புக்குத்தான் ப்ரொஃபைல் என்று பேர். சின்னவள் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் கட்டங்களை அச்சடித்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, கட்டம் கட்டமாக நிறம் அளக்கும் மீட்டரை வைத்து அளந்து, ஒவ்வொரு பேப்பருக்கும் தன் கையாலேயே ப்ரொஃபைல் எழுதுவாள்.

அந்த வருஷம் பெரியவள் அச்சுக்குக் கொண்டுவந்தது, இறந்துபோன அம்மாவின் கடைசி நான்கு மாதங்களை. இருபத்திரண்டு படங்கள். அந்த நான்கு மாதமும் அம்மாவைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டவள் சின்னவள். பெரியவள் ஞாயிறுதோறும் கேமராவோடு வந்து போனாள். பதினேழாவது படத்தில் சின்னவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். அம்மாவைத் தூக்கப்போய் இருவரும் சேர்ந்து விழுந்த நாள் அது. மேலே அம்மா ஒட்டுத்துணி இல்லாமல் கிடக்க, சின்னவள் வாய் கோணி அழுதபடி கதவுப்பக்கம் கையை நீட்டியிருந்தாள். கதவில் நின்றது அக்கா. ஆறு படம் எடுத்த பிறகுதான் அக்கா கேமராவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது ஒண்ணை மட்டும் விட்டுடேன்."

"மொத்தத்துக்கும் அதுதான்டி உசிரு."

"அம்மா துணியில்லாம இருக்காங்க. நான் வேற..."

"நீ யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது? அழுமூஞ்சியா இருந்தாலும் படத்துல நல்லாத்தான் இருக்கே. வேலையைப் பாரு."

சின்னவள் வேலையைப் பார்த்தாள். மறுநாள் முதல் பிரதியை ஜன்னலோரம் வைத்துப் பார்த்த பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மஞ்சள் அடிக்குது."

சின்னவள் மீட்டரை வைத்துக் காட்டினாள். சுத்தமான சாம்பல், ஒரு இம்மிகூடப் பிசகில்லை.

"உன் மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு. முப்பது வருஷமா பாக்குற கண்ணு இது. அம்மா மூத்திரத்தைத் துடைச்சுத் துடைச்சு உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு." சொல்லிவிட்டு, அச்சடிக்காத வெறும் தாள் ஒன்றைக் கையில் எடுத்தாள். "பேப்பரே பழுப்பா இருக்கு, வேற எப்படி வரும்? லைட்டு வேற, சுத்திலும் ஒரே புகையா தெரியுது."

கடையில் கிடைப்பதிலேயே வெள்ளையான தாள் அது. அறையில் புகையும் இல்லை. சின்னவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் கண்புரை வந்தபோது இதே பேச்சுத்தான்; வெள்ளை வேட்டியைப் பழுப்பு என்று சண்டை பிடிப்பாள். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனதும் சின்னவள்தான்.

"அக்கா, டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. மேஜையில் பதினேழாவது படம் மல்லாந்து கிடந்தது.

"சரிக்கா. மஞ்சளை எடுத்துடறேன்" என்றாள்.

மூன்று நாள் ஆயிற்று. மஞ்சளைக் குறைத்தாள், நீலத்தை ஏற்றினாள். இருட்டாக இருக்கிறது என்று அக்கா சொன்னதும் கறுப்பையும் தளர்த்தினாள். முதல் நாள் தன் கைவேலையைத் தானே கெடுக்க மனசில்லாமல் இரண்டு முறை மிஷினை நிறுத்தினாள். இரண்டாம் நாள் அது பழகிவிட்டது. மூன்றாம் நாள், எங்கும் திட்டு விழாமல் நீலம் ஒரே சீராகப் பரவ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். மெல்லப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

"இப்பத்தான்டி வழிக்கு வந்திருக்கே" என்றாள் பெரியவள்.

திறப்பு நாளன்று சுவரெல்லாம் நீலத்தைப் பார்த்த அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவியிடம் குறை சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். சின்னவளை ஒருமுறை பார்த்தார், பிறகு குடிக்கத் தண்ணீர் தேடிப் போனார். வந்தவர்கள் "வித்தியாசமா இருக்கு" என்று பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் முகம் மலர்ந்து நின்றாள். பத்திரிகைக்காரர் ஒருவர் மட்டும் மரியாதை பார்க்கவில்லை. பெற்ற தாயின் சாவைச் சலவை நீலத்தில் முக்கிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார் என்று எழுதினார். அடுத்த இரண்டு ஊர்க் கண்காட்சிகளும் ரத்தாயின.

"கறுப்பு வெள்ளையில நீலம் எங்கேர்ந்துங்க வந்துச்சு?" என்று வீட்டில் குதித்தவளை அத்தான்தான் கண் டாக்டரிடம் இழுத்துப்போனார். முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

கண்காட்சியின் கடைசி நாள் பெரியவள் தங்கையைக் கூட்டம் வருவதற்கு முன்பே வரச்சொன்னாள். கூடத்தில் வேறு யாருமில்லை. ஒரு கண்ணைக் கையால் பொத்திப் படத்தைப் பார்த்தாள். கையை மாற்றி மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அடுத்த படத்துக்குப் போனாள். இருபத்திரண்டுக்கும் அப்படியே. கடைசியில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

அக்கா அடிப்பாள் என்று சின்னவள் நினைத்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பெரியவள் அழவும் இல்லை. முந்தானையால் ஆபரேஷன் ஆன கண்ணை மட்டும் மெல்ல ஒற்றிக்கொண்டு எழுந்தாள்.

"வெளியில யார்கிட்டயும் இதைச் சொல்லாதே. என் கண்ணு விஷயத்துக்காக இல்லடி. இப்படி ஒருத்தி என்கூடப் பொறந்தான்னு தெரிஞ்சா எனக்குத்தான் கேவலம்."

அடுத்த வாரமே பேச்சுப் பரவியது. அச்சில்தான் கோளாறு, தங்கச்சியாச்சே என்று நம்பிக் கொடுத்தேன், பாவம், அம்மா போனதிலிருந்து அவளுக்கு வேலையில் புத்தியில்லை என்று பெரியவள் போகிற இடமெல்லாம் சொன்னாள். இரண்டாவது கண்ணும் சரியானதும் வேறோர் ஆளிடம் கொடுத்துப் புதிதாக அச்சுப் போட்டாள். ஒரு படத்தையும் விடவில்லை. இந்த முறை பாராட்டு குவிந்தது.

சின்னவளிடம் பதினோரு வருஷமாக வேலை கொடுத்த கல்யாணப் புகைப்படக்காரர் ஒருநாள் வந்து, பாதியில் நின்ற ஆல்பத்தின் ஃபைல்களைத் திருப்பிக் கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அது நெஜமாவே உங்க மிஷின் தப்பா, இல்ல அவங்க சும்மா சொல்றாங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நம்பறேன்."

கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது. முதல் நாள் எடுத்த அளவுகள், சுத்தமான சாம்பல். அதைத் திறந்து காட்டினால் அவள் கைவேலை பொய்க்கவில்லை என்று நிரூபிக்கலாம். ஆனால் அதற்குக் கீழேயே வரிசையாக, அடுத்த மூன்று நாளும் அவள் நீலத்தைப் படிப்படியாக ஏற்றிய அளவுகளும் தேதி, நேரத்தோடு இருந்தன.

"என் தப்புதாங்க" என்றாள் சின்னவள். ஃபைல்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அவர் கையில் கொடுத்தாள்.