பரண்மேல் இருந்த ஏழடி ராடு

வீரமணியின் கடையில் பி.வி.சி. குழாயும், மோட்டாருக்கான வாஷரும், நைலான் கயிறும், சொட்டுநீர்ப் பாசனச் சாமான்களும் தினமும் விற்றன. விற்காமல் நின்றது ஓரத்துக் கண்ணாடி அலமாரி ஒன்றுதான். அதில் தூண்டில் சாமான்கள் இருந்தன. சேலத்தில் ஒருவர் கடையைக் காலி செய்தபோது, அலமாரியோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டது. பாப்பிரெட்டிப்பட்டியில் அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

மனைவி மணிமேகலை மகளின் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் இன்னும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பிள்ளையை வேறு யார் பார்ப்பது? பொழுது சாய்ந்ததும் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்னா கொழம்பு?"

"ரசம்."

"செரி, வெச்சிடட்டுங்களா?"

அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். குழாய் வளைவுக்கு அரை இஞ்சு எல்போ கேட்பார்கள், கொடுத்ததும் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்போ வாங்க வந்தவன் நின்று பேச என்ன இருக்கிறது?

கார்த்திகை மழை விட்ட சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இன்னாசி வந்தான். முப்பது வயதிருக்கும். ஜவ்வரிசி மில்லில் வேலை. சட்டைக் காலரில் துவைத்தும் போகாத மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. கயிறு வாங்க வந்தவன் அலமாரி முன்னால் நின்றுவிட்டான்.

"அண்ணா, இந்த மடக்கு ராடு எவ்ளோங்க?"

குடை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய் அடங்கும் ராடு அது. வீரமணி விலையைச் சொல்லிவிட்டு, என்ன மீன் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டார்.

"வெரால்ணா. எங்க ஊரு ஏரி ரொம்பி நிக்குது. போன்ல பாத்திருக்கறீங்களா, கேரளாக்காரன் ரப்பர் தவளய வீசி வீசி இழுக்கறான், அது டப்புனு வந்து அடிக்குது! ராத்திரி கண்ண மூடுனா அதான் தெரியுது."

"அப்ப இத வாங்காத."

"விக்கறவரே வாங்காதங்கறீங்க?"

வீரமணி ராடை நீட்டி, நுனியைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்தினார். கணுவுக்குக் கணு நெறிந்து சத்தம் கேட்டது. "இதுல ஜிலேபி புடிக்கலாம், சின்னக் கெண்ட புடிக்கலாம். வெரால் கடிச்சதும் நேரா பாசிக்குள்ள பூந்துக்கும். பாசியோட சேத்து இழுக்கணும். இந்த ராடு மொத கணுவுலயே ஒடஞ்சி உங்கைக்கு வந்துரும்."

அது உண்மைதான். அன்றைக்குச் சொன்னதெல்லாம் உண்மை. ஆயிரத்தைந்நூறுக்குள் அடங்குகிற மாதிரி நல்லதாக ஒன்று வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்டான் இன்னாசி. ராடு, ரீல், அதில் சுற்றும் தூண்டில் நரம்பு, தவளை எல்லாம் சேர்த்து. சேலத்து ஏஜென்டிடம் சொல்லிவைப்பதாக வீரமணி சொன்னார். பேச்சு அதோடு முடியாமல் மில்லுக்குப் போயிற்று, கிழங்கு விலைக்குப் போயிற்று, இன்னாசியின் மச்சான் ஒரே நாளில் ஒரு கூடை கெளுத்தி பிடித்த கதைக்குப் போயிற்று. கடை சாத்தும் நேரம் தாண்டியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மில்லுக்கு வார விடுமுறை செவ்வாய் என்றும், அடுத்த செவ்வாய் வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு இன்னாசி போனான்.

அந்த வாரம் வீரமணி மலையாள வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். பாதி புரியவில்லை. ஆனாலும் பார்த்தார். விராலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முதல் செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துபோயிருந்தது. அடுத்த செவ்வாய்க்குப் பேச ஏதாவது வேண்டுமே.

இரண்டாம் தடவை ரீல் பற்றிப் பேசினார்கள். இதில் அவருக்குக் கொஞ்சம் சொந்தச் சரக்கு இருந்தது. மோட்டார் வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுபோல, ரீலின் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "பொட்டியில பன்னண்டு பேரிங்னு போட்டிருப்பான். கழட்டிப் பாத்தா மூணுதான் இருக்கும். எண்ணிக்கைய நம்பாத. ஆட்டிப் பாரு, லொடலொடன்னு ஆடுனா வெச்சிட்டு வந்துரு. மூவாயிரம் சைசு போதும். பெருசா வாங்குனா கை வலிக்கும்."

"நீங்க எத்தினி வெரால் புடிச்சிருக்கறீங்கணா?"

"ஒண்ணும் இல்ல."

இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான். வீரமணியும் சிரித்தார். தன் சிரிப்பை அவரே கேட்டு நாளாகியிருந்தது.

பிறகு ஒரு செவ்வாய் தவளைக்காக. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, அலமாரியில் இருந்த ரப்பர் தவளைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார்கள். தலைகீழாகப் புரள்வது ஆகாது. விரலால் அமுக்கினால் வயிறு உள்ளே போய் முதுகில் இருக்கும் தூண்டில் முள் இரண்டும் வெளியே தெரிய வேண்டும். விட்டால் மறைய வேண்டும். அப்போதுதான் பாசியில் மாட்டாமல் வரும். மலிவு ரப்பர் கல் மாதிரி இருக்கும், அமுங்காது. எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் காசியம்மாள் டம்ளர் எடுக்க வந்தவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்பா வீரமணி, ரெண்டு ஆம்பளைங்க ஒக்காந்துக்கினு தவளைக்குக் குளிப்பாட்டறீங்களா?"

"நீச்சல் சொல்லிக் குடுக்கறோம்க்கா," என்றான் இன்னாசி.

"செவ்வாக்கெழமைன்னா இஸ்திரி போட்ட சட்ட. மத்த நாளு அதே கசங்குனது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத," என்று வீரமணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் போனாள். வீரமணி சட்டையைக் குனிந்து பார்த்தார். அவள் சொல்லும்வரை அவருக்கே அது தெரியாது.

மார்கழிக் கடைசியில் சேலத்து ஏஜென்ட் வந்தான். ஏழடி ராடு, இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், நுனி வளையும், இடுப்பு வளையாது. ஆட்டினால் ஆடாத மூவாயிரம் சைஸ் ரீல். அமுக்கினால் அமுங்கும் பச்சைத் தவளை ஒன்று, கறுப்பு ஒன்று. பின்னிய நரம்பு ஒரு சுருள். எல்லாம் சேர்த்து இன்னாசி சொன்ன தொகைக்குள் வந்தது. இதைவிடப் பொருத்தமாக இன்னொன்று அமையாது என்று பார்த்ததுமே தெரிந்தது.

வீரமணி அதை அலமாரியில் வைக்கப் போனார். கை பாதியில் நின்றது. இதைக் கொடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்னாசி ஏரிக்கரையில் இருப்பான். அது நியாயம்தான். ராடு வாங்கியவன் கடையில் உட்கார்ந்து என்ன செய்வான்? எல்போ வாங்கினவன் போகிறதுபோல இவனும் போவான். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ராடையும் மற்றதையும் சேர்த்துச் சாக்கில் சுற்றிப் பரணில் குழாய்களுக்கு நடுவே செருகினார். ஒரு வாரம் போகட்டும் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

செவ்வாய் வந்தது. "சரக்கு வந்துதுங்களாணா?"

"இல்லப்பா. பொங்கல் கழிச்சு வருமாம்."

பொங்கல் கழிந்தது. லாரி வரவில்லை என்றார். பிறகு, ராடு வந்தது, ரீல் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். அப்படிச் சொன்ன அன்று இன்னாசி, "எனக்காக இவ்ளோ பாக்கறீங்களேணா," என்று டீக்குத் தானே காசு கொடுத்தான். வீரமணி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டார். ஆனால் இன்னாசி பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நன்றாக இருந்தது.

தை முடியும்போது ஏரியைப் பற்றி அவன் சொல்கிற விதம் மாறியது. மதகுப் படி தெரிகிறதாம். கோரை நின்ற இடம் சேறாகிவிட்டதாம். "இன்னும் கொஞ்ச நாளு போனா வெராலு சேத்துக்குள்ள பூந்துக்கும்ணா. அப்பறம் அடுத்த மழைக்குத்தான்." ஒவ்வொரு செவ்வாயும் தண்ணீர் இறங்கியது. ஒவ்வொரு செவ்வாயும் வீரமணி பரணை அண்ணாந்து பார்க்காமல் இருக்கப் பழகினார்.

மாசியில் ஒரு நாள். செவ்வாய் இல்லை, வியாழன். வீரமணி ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வண்டி வந்து நின்றது.

"அண்ணா, இன்னிக்கி போணி நான்தாங்க."

இன்னாசி. மில்லில் மிஷின் பழுது, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவன் நேராக அலமாரிக்குப் போய் அந்த மடக்கு ராடைத் தொட்டான். "இதயே குடுத்துருங்க. ஒடஞ்சா ஒடையட்டும். தண்ணி முழங்காலளவுதான் நிக்குது. நீங்க சொல்ற சரக்கு வர்றதுக்குள்ள ஏரியில மாடு மேயும்."

வீரமணியின் கடையில் போணி நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் அப்பா காலத்திலிருந்து வருவது. முதலில் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதைவிட முக்கியம், போணி ஆகும் முன் 'இல்லை' என்ற சொல் கடைக்குள் விழக் கூடாது. கேட்ட வாஷர் இல்லாவிட்டால்கூட, அளவு மாறின ஒன்றை எடுத்து வைத்து, "இது ஆகுமா பாருங்க," என்பாரே தவிர, இல்லை என்று சொன்னதில்லை. கடையில் உட்கார்ந்த நாளாக ஒருநாளும் சொன்னதில்லை.

"நல்லது வரலீங்களாணா? கடைசியா கேக்கறன்."

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வீரமணி தட்டைக் கீழே வைத்தார். வந்திருக்கிறது என்றும் அவரால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். குழாய்களுக்கு நடுவிலிருந்து சாக்கை உருவியபோது அவர் தலையிலும் தோளிலும் ஒட்டடை விழுந்தது.

இன்னாசி சாக்கைப் பிரித்தான். ராடின் இரண்டு துண்டுகளைப் பொருத்தினான். நுனியை ஊன்றி, அவர் கற்றுக்கொடுத்தபடியே அழுத்திப் பார்த்தான். சத்தமே இல்லை. ரீலை ஆட்டினான். தவளையை அமுக்கினான். பிறகு விரலில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தான்.

"இது எப்ப வந்துதுங்க?"

"வந்து நாளாச்சு."

"பொங்கலுக்கு முந்தியா?"

வீரமணி தலையசைத்தார்.

"விக்க மனசில்லீங்களா? வேற யாருக்காச்சும் சொல்லி வெச்சிருந்தீங்களா? வெல பத்தலன்னா கேட்டிருக்கலாமேணா, குடுத்திருப்பன்."

"உனக்குன்னுதான் வந்துது." நீ வர மாட்டாய் என்றுதான் ஒளித்தேன் என்பதை ஐம்பது வயது தாண்டிய ஆள் எந்த வார்த்தையில் சொல்வது? "நரம்பு சுத்தித் தரட்டுமா?"

நரம்பு சுற்ற இரண்டு ஆள் வேண்டும். இன்னாசி பேனாவில் சுருளைக் கோத்துப் பிடித்துக்கொண்டான். வீரமணி ரீலைச் சுற்றினார். விரலிடுக்கில் நரம்பு இறுக்கமாக ஓடியது. இழுவை தளர்ந்தால் உள்ளே சிக்கு விழும் என்பதால் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். அவர் அதைவிடவும் மெதுவாகச் சுற்றினார். முந்தைய செவ்வாய்களில் என்றால் இந்த நேரத்துக்கு இன்னாசி நான்கு கதை சொல்லியிருப்பான். இன்று சுருளைப் பார்த்தபடியே நின்றான். சுருள் தீர்ந்தது.

பணத்தை வாங்கி வீரமணி கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாயங்காலம் வெயில் தாழப் போ. கறுப்புத் தவளைய மொதல்ல போடு," என்றார்.

"செரிங்க," என்றான் இன்னாசி. அண்ணா என்று சொல்லவில்லை. கோபமா, சொல்ல மறந்தானா என்று வீரமணி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய் இன்னாசி வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. காசியம்மாள் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கேலி ஒன்றும் பேசாமல் போனாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது செவ்வாய் மதியமே ஷட்டரை இறக்கிவிட்டு இன்னாசியின் ஊருக்கு டவுன் பஸ் ஏறினார். தவளை சரியாக மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று காரணம் வைத்துக்கொண்டார். ஏரி நிறுத்தத்தில் இறங்கிக் கரைமேல் ஏறினார். தண்ணீர் நடுவில் ஒதுங்கி, சுற்றிலும் வெடித்த சேறும் பாசி விளிம்புமாகக் கிடந்தது. அங்கே, கணுக்கால் சேற்றில், இன்னாசி தனியாக நின்றிருந்தான். ஏழடி ராடு கையில் அழகாக இருந்தது. வீசினான். தவளை பாசி ஓரத்தில் பொத்தென்று விழுந்து, தத்தித் தத்தி வந்தது.

"இன்னாசி!" என்று வீரமணி கூப்பிட்டார்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவர்தான் என்று தெரிந்தது. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினான், சத்தம் போட வேண்டாம் என்று. பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முகத்தில் கோபம் இருந்த மாதிரி இல்லை. மீன்மேல் கவனம் இருந்தது, அவ்வளவுதான்.

வீரமணி ஒரு கல்மேல் உட்கார்ந்தார். கேட்க எத்தனையோ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ரீல் மணல் ஏறாமல் சுற்றுகிறதா, எத்தனை அடித்தது, எத்தனை தப்பியது. விரால் பிடிக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை பாசி பிளந்து தண்ணீர் சுழித்தது. ராடு வளைந்தது, இடுப்பு வளையவில்லை. மீன் விட்டுவிட்டது. இன்னாசி தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு கரைப் பக்கம் திரும்பவில்லை.

அடித்த இடத்தில் மறுபடி வீசிப் பயனில்லை என்று அவன் விளிம்போடு நகர்ந்தான். வீசினான், இழுத்தான், இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். அப்படித்தான் செய்ய வேண்டும், தப்பில்லை. ஏரி வளைகிற இடத்தில் கருவேல மரங்கள் அவனை மறைத்தன. ராடின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் மேலே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ரோட்டில் திரும்பிப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. வீரமணி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சத்தம் வராமல் கரையிலிருந்து இறங்கினார்.