மூடியின் விளிம்பு

காலை ஆறரை. தகடு சில்லிட்டுக் கிடந்தது. கையுறை போட்டால் பிடி வழுக்கும் என்று வெறுங்கையால்தான் எடுத்தேன். மூடியை வை, விளிம்பை மடி, திருப்பு, இன்னொரு தரம் மடி. போன வாரம் வரை தகடு மடிக்கும் இந்தப் பிரஸ் எந்திரத்தில் நின்றவள் ஹிசானோ அக்கா. இரண்டு விரலைப் பறிகொடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ரைஸ் குக்கர் பெட்டி ஒவ்வொன்றிலும் குறை எழுத ஓர் அஞ்சலட்டை இருக்கும். "மூடி விளிம்பு கையைக் கீறுகிறது" என்று ஏழு பேர் எழுதினார்கள். முதலாளி ஒகாசே அதை, வாடிக்கையாளர் குறைகளை வரிசைப்படுத்தும் தர வரைபடத்தின் முதல் வரியில் ஏற்றினார். விளிம்பை இரட்டையாக மடிக்கச் சொன்னார்கள் பொறியாளர்கள். நல்ல யோசனைதான். ஆனால் வேலை இரண்டு மடங்கு, நேரம் பழையதே. கை உள்ளே மாட்டாமல் இருக்க, இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். நேரத்தை மிச்சம்பிடிக்க ஒன்றை அழுத்தின வாக்கிலேயே கம்பியால் கட்டிப்போட்டார்கள் பாவிகள். வாடிக்கையாளர் கண்ணுக்கு வெண்ணெய், எங்கள் கண்ணுக்குச் சுண்ணாம்பு.

மதியம் சோற்று டப்பாவைத் திறந்தபடி பக்கத்துப் பிரஸ் நருமி கேட்டாள். "புதுவருஷத்துக்கு ஆளுக்கொரு குக்கரைக் காசு வாங்கிட்டு நம்ம தலையில கட்டினாங்கல்ல? அந்த அட்டையெல்லாம் எங்கடி?"

பிரஸ் வரிசைப் பெண்கள் நாற்பத்துமூன்று பேரும் எழுதினோம். பெயர் போட்டே எழுதினோம்.

வெள்ளிக்கிழமை ஒசாகாவிலிருந்து கொள்முதல்காரர் வந்திருந்தார். வழக்கப்படி முதலாளியே ஒலிபெருக்கியில் அட்டைகளைப் படித்தார். "மூடி அருமை. என் கையைக் கீறவில்லை. மடித்தவளின் விரல்தான் போய்விட்டது." அடுத்த அட்டையும் அதையே சொன்னது. மூன்றாவதை அவர் பாதியில் நிறுத்தினார். என் வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்.

"இது குறை இல்ல, குசும்பு," என்றார் முதலாளி.

"காசு குடுத்து வாங்கினோம் சார். நாங்க வாடிக்கையாளர் இல்லன்னா வேற யாரு?" என்றாள் நருமி.

"கவனமா செஞ்சா விரல் ஏன் போவுது? அவ தூங்கி விழுந்திருப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. பிரஸ்ஸை விட்டு விலகினேன். "நீங்க வாங்க சார். ஒரே ஒரு மூடி. அந்தக் கம்பியோடவே மடிச்சுக் காட்டுங்க."

கொள்முதல்காரர் அவரைப் பார்த்தார். முதலாளி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நாளைலேருந்து நீ வரவேணாம்," என்றார் என்னிடம்.

"கம்பிய அவுக்கிற வரைக்கும் யாருமே தொடமாட்டோம்," என்று நருமி தன் பிரஸ்ஸை அணைத்தாள். அடுத்தவள் அணைத்தாள். வரிசையாக எல்லாம் அடங்கின.

எங்கள் ஆலையில் வேலை நேரத்தில் பிரஸ் ஓய்ந்தால் யாருக்கோ கை போயிற்று என்று அர்த்தம். பெயின்ட் கொட்டகை ஆண்கள் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார்கள்.

"யாருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் முன்னால் வந்த குசுமி.

"இன்னும் யாருக்கும் இல்லண்ணே. அதுக்குத்தான் நிறுத்திட்டோம்," என்றேன்.

பொத்தானைக் கட்டியிருந்த கம்பியை அவர் பார்த்தார். மருந்துப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, எங்கள் வரிசையில் வந்து நின்றார்.