வீட்டுக்குப் போகச் சொல்லும் பாட்டு

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் றோல்ஸ் பலகாரத்துக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். பாதி அது, மீதி என் சொந்தச் சரக்கு. யப்பானுக்கு நான் போனதே இல்லை. குறை பிடிக்கிறவர்கள் இப்போதே பிடித்துவிடலாம்.

2

முதல் தொடக்கம்: தோக்கியோவுக்கு வெளியே, வரைபடம் போட்டுக் கட்டிய அந்த நகரத்தில் மாலைச் சூரியன்

சீ, சூரியன் வேண்டாம்.

வேரோனிக்கா அங்கே எட்டு வருடம் இருந்தாள். கணவன் கீதன் படிக்கப் போனவன்.* மகள் தனுஷிகா பிறந்தது அங்கேதான். எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல இருக்கும். சுவரில் எழுதிய இலக்கத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குத் தெருக் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். அதைக் கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்தத் தாயும் தொண்டை கிழியக் கூப்பிட வேண்டியதில்லை. வேரோனிக்காவுக்கு அது பெரிய நிம்மதி.

(*என்ன படித்தான் என்று கேட்காதீர்கள். இப்போது கனடாவில், பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.)

3

தொண்ணூற்றேழில், இரண்டாவதாக ஒரு கைக்குழந்தையும் சேர்ந்துகொள்ள, கனடாவில் அஜக்ஸுக்கு வந்தார்கள். இங்கேயும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். கீதன் முதல் நாளே சொல்லிவிட்டான்:

"இஞ்ச ஒருத்தரும் றோட்டில நிண்டு கத்திறேல்லை. சனம் ஒரு மாதிரிப் பாக்கும்."

கோடை முழுக்கத் தனுஷிகா பின்னேரமானால் தானாகவே வந்து சேர்ந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அன்ரனெற் வேலியால் எட்டிக் கேட்டாள்:

"பிள்ளைக்கு ஐஸ்கிறீம் ஒத்துக்கொள்ளாதோ? ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தா, மற்றதுகள் அதுக்குப் பின்னால ஓடுதுகள். உங்கட மகள் வீட்டை ஓடுறாள்!"

வேரோனிக்கா மகளைக் கேட்டாள்.

"பாட்டு வந்தா வீட்டை வரவேணும் எல்லோ, அம்மா?"

"ஓம் குஞ்சு" என்றாள் வேரோனிக்கா. திருத்தவில்லை.

[இந்த இடத்தில் அவள்மேல் எனக்குச் சந்தேகம். பெற்றவள் இப்படி விடுவாளா? பிள்ளை ஐஸ்கிறீமும் இல்லாமல் சிநேகிதமும் இல்லாமல் திரிகிறதே! ஆனால் வாயைத் திறக்காமலே பிள்ளை வீடு வந்து சேருமென்றால், நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.]

4

செப்ரெம்பர் கடைசி. குளிர் தொடங்கியது, ஐஸ்கிறீம் வண்டி வரவில்லை.

மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். தனுஷிகா தெருக்கோடிப் பூங்காவில் ஊஞ்சலில் இருக்கிறாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. பாட்டு வராமல் அசையமாட்டாள். இருட்டுகிறது.

ஒரு முடிவு: வேலையால் வரும் கீதன் கண்டு, காரில் ஏற்றி வருகிறான். (சப்பென்று இருக்கிறது.)

இன்னொன்று: பிள்ளை இருட்டில் நடந்து, ஒன்றுபோல இருக்கும் வீடுகளில் பிழையான கதவைத் தட்ட

இல்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

5

வேரோனிக்கா கதவைத் திறந்து படியில் நிற்கிறாள். உள்ளே குழந்தை தூங்குகிறது; விட்டுவிட்டுப் போக முடியாது. பூங்கா கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரம். எதிர்வீட்டில் யாரோ திரையை விலக்குகிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. குரல் வரமாட்டேன் என்கிறது.

என்னாலும் முடியவில்லை. எத்தனை ஆச்சரியக்குறி போட்டாலும் தாளில் இருந்து சத்தம் வராது.

நீங்கள் இதை வீட்டிலோ சப்வேயிலோ இருந்து வாசிப்பீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருக்கலாம். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்தான். பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியும். ஒருக்கால் உரத்துக் கூப்பிடுங்கள்.