கால்வாய்ப் பாலத்திலிருந்து இரண்டு மைல்

வெர்லின் டாக்கெட் தன் சிவப்பு ரோட்ஸ்டர் காரை விற்கப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். யாருக்கும் விற்கமாட்டார் என்பதும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடத்து பாடி, கூரை கிடையாது, முன்சக்கரங்களுக்கு மூடி கிடையாது. அடிச்சட்டத்திலிருந்து எல்லாம் அவர் கையால் ஒன்பது வருடம் உழைத்துக் கட்டியது. வாங்க வந்தவர்களில் ஒருவன் ஏசி பொருத்தலாமா என்று கேட்டான். இன்னொருவன் ஒயின் கடை வாசலில் காட்சிக்கு நிறுத்தப் போவதாகச் சொன்னான். இப்படிப் பதினொரு பேரை அவர் வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆரெகன் மாநிலத்துக்குக் குடிபெயர்கிறார்கள். மகள் பார்த்து வைத்த அடுக்குமாடி வீட்டில் கராஜ் இல்லை. வண்டியா நானா என்று மனைவி டோரீன் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான் காரணம்.

வியாழக்கிழமை காலை ஓடெல் ப்ரூவர் வந்தான். நாற்பத்தைந்து வயது, டுலேரியில் வெல்டிங் பட்டறை. விலையைக் கேட்கவில்லை, நேராகத் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "வெல்டிங் யாரு, நீங்களா?" என்று மட்டும் கேட்டான். வெர்லினுக்கு அப்போதே மனம் நிறைந்துவிட்டது.

போகும்போது விற்கிறவன் ஓட்டுவான், திரும்பும்போது வாங்குகிறவன் ஓட்டுவான். வண்டி கட்டுகிறவர்களுக்குள் அதுதான் வழக்கம். ஊருக்கு வெளியே எண்ணெய்க் கிணறுகள் வரை வெர்லின் ஓட்டினார். அங்கே இடம் மாறிக்கொண்டார்கள்.

கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது வெர்லின் பல்குச்சிக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார். விரலில் மெல்லிய கம்பி ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஸ்பிளிட் பின்.

நேற்று மாலை, விற்கிற வண்டி பளபளக்க வேண்டுமென்று ஸ்டியரிங் கம்பியைக் கழற்றித் துடைத்தார். மாட்டும்போது நட்டைக் கையால் மட்டும் திருகினார். ஸ்பானர் போட்டு இறுக்கி, நட்டு கழலாதபடி குறுக்கே பின்னைச் செருக வேண்டும். அதற்குள் பெட்டிகளைக் கட்ட டோரீன் கூப்பிட்டாள். போனவர் போனவர்தான்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இவர் மொஹாவிப் பாலைவனத்து வறண்ட ஏரியில் நடக்கும் வேகப் பந்தயத்தில் முப்பது வருடமாக வண்டி சோதிக்கிறவர். பின் இல்லையா, வீட்டுக்குப் போ என்பார். அவரிடம் சமாதானமே எடுபடாது.

"என்ன இன்ஸ்பெக்டரே, மூஞ்சி வெளிறிப்போச்சு? நான் ஓட்டுறது புடிக்கலையா?" என்றான் ஓடெல்.

"அதெல்லாம் இல்ல. கொஞ்சம் மெதுவாப் போ."

"இந்த வண்டியிலயா? நல்ல கதை! ஒரு பின்னு இல்லைன்னு அன்னிக்குப் பந்தயத்துல என்னைத் திருப்பி அனுப்புனீங்களே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல புதுப் பொண்டாட்டி. இன்னமும் சொல்லிக் காட்டுறா!"

வெர்லின் கணக்குப் போட்டார். இன்னும் நாலு மைல்தான். வீட்டுக்குப் போனதும், வண்டிக் காகிதத்தை எடுத்து வா என்று இவனை உள்ளே அனுப்பிவிட்டுச் செருகிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. கையால் இறுக்கியதும் இறுக்கியதுதானே. இப்படியே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஸ்டியரிங்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கே," என்றான் ஓடெல். "முதல்ல இல்லையே. பழசுன்னா இப்படித்தானா?"

"இப்படித்தான்," என்றார் வெர்லின்.

 எதிரே ஆரஞ்சு லோடு ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஓடெல் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். அது கால் சுற்று சும்மா சுற்றியது; சக்கரம் ஒரு நொடி நேராகவே போய், பிறகுதான் திரும்பியது. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு உரசுகிற தூரத்தில் கடந்தான்.

"நிறுத்து! ஓரங்கட்டு! ஸ்டியரிங்கை ஒடிக்காத, பிரேக்கைப் போடு!" என்று கத்தினார் வெர்லின்.

வண்டி ஆரஞ்சுத் தோப்பு ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. ஓடெல் குதித்து இறங்கிக் குனிந்தான். ஸ்டியரிங் கம்பியின் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் அவன் உள்ளங்கையிலேயே விழுந்தது.

வெர்லின் பையிலிருந்து பின்னை எடுத்து நீட்டினார். 

ஓடெல் நட்டையும் பின்னையும் மாறிமாறிப் பார்த்தான். "எப்பத் தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அதைப் பொய்யென்று நிரூபிக்க உலகத்தில் ஒருவரும் இல்லை.

"கால்வாய்ப் பாலத்துல," என்றார்.

ஓடெல் திரும்பி வந்த வழியைப் பார்த்தான். "ரெண்டு மைலு." நட்டை உள்ளங்கையில் உருட்டினான். "பின்னை மறக்குறது யாருக்கும் வரும். சிரிச்சுட்டு வாங்கியிருப்பேன். ஆட்டம் இருக்கேன்னு வாய் விட்டுக் கேட்டேன். இப்படித்தான்னு சொன்னியே, வெர்லின்."

இதுவரை அவரை அவன் நீ என்று பேசியதில்லை. நட்டை இருக்கைமேல் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான்.

வெர்லின் மண்ணில் படுத்து, வண்டியிலிருந்த ஸ்பானரால் நட்டை இறுக்கினார். பின்னைச் செருகி, வளைத்து, இருமுறை இழுத்துப் பார்த்தார். வெட்கத்தில் காது எரிந்தது. பிறகு வண்டியைக் கிளப்பி முதல் கியரில் அவன் பக்கத்திலேயே போனார்.

"ஏறு ஓடெல். இப்ப எல்லாம் சரியாயிருச்சு. வேணும்னா நீயே பாரு."

"வண்டியில குத்தம் ஒண்ணும் இல்ல," என்றான் ஓடெல், திரும்பாமலே.

நடை வேகத்துக்கு அந்த என்ஜின் தாங்காது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இரண்டாவது கியருக்கு மாற்றி, அவனைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று.